தெரிஞ்சு பழுதாக்கின சீட்டு

சனிக்கிழமை இரவு குழுவில் வந்த அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆர் போட்டது என்று உங்களுக்குத் தெரியும். மத்திய தேர்தலின் பச்சை வாக்குச் சீட்டு, பெட்டிகளுக்குள் ஒரு இலக்கமும் இல்லை, குறுக்கே ஒரு கழுதை. கீழே, "இருபது டொலர் மிச்சம்." இங்கே ஆஸ்திரேலியாவில் வாக்களிக்கப் போகாவிட்டால் கட்டவேண்டிய தண்டத்தைத்தான் சொல்கிறார். எத்தனை பேர் சிரிப்பு முகம் போட்டிருந்தீர்கள்! இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இனி ஏலாது.

அதைப் போட்ட தம்பி கெட்டவன் இல்லை. ஒரு வீட்டில் செத்தவீடு என்றால் முதல் வந்து கதிரை அடுக்கிறவன். அதனால்தான் கூட நோகிறது.

அந்தக் கழுதையை எந்தத் தலைவரும் பார்க்கப்போவதில்லை, தம்பி. எண்ணுகிற இடத்தில் ஒரு ஊழியர் எடுத்து, செல்லுபடியாகாத குவியலில் வைப்பார். அவ்வளவுதான் உங்கள் எதிர்ப்பு. அந்தக் குவியலில் வேறு யாருடைய சீட்டு கிடக்கிறது தெரியுமா?

அம்மா இந்த நாட்டில் முதல் வாக்குப் போட்டது அறுபத்தெட்டு வயதில். ஊரில் போட்ட பழக்கத்தில், விரும்பின பெயருக்கு நேரே வடிவாக ஒரு புள்ளடி (×) போட்டுவிட்டா. உதவிக்கு நான் பக்கத்தில் நின்றபடியால் தப்பியது. இந்தச் சீட்டில் புள்ளடி செல்லாது, ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கம் போடவேண்டும். மேசையில் இருந்த பெண் பழைய சீட்டை வாங்கிக்கொண்டு புதுசு தந்தா. அம்மா அங்கே கட்டிவைத்திருந்த பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டு இலக்கத்தையும் எழுதி முடிக்கப் பத்து நிமிடம். ஆறும் எட்டும் ஒன்றுபோல் தெரிகிறதோ என்று என்னை இரண்டு தரம் கேட்டா.

நான் இல்லாவிட்டால் அந்தப் புள்ளடி கழுதைக்குப் பக்கத்தில் கிடந்திருக்கும். கீழ்ச்சபைக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் சீட்டுகள் இப்படிக் கழிகின்றன. மேற்கு சிட்னியில், எங்களைப்போல் வேற்றுமொழிக்காரர் நிறைந்த சில தொகுதிகளில் அது பத்தையும் தாண்டியிருக்கிறது. எங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் 1 மட்டும் போட்டால் போதும், மத்திய தேர்தலில் எல்லாப் பெட்டியும் நிரப்பவேண்டும். இதில் குழம்பியே எத்தனை பேரின் வாக்கு போகிறது! தெரியாமல் பழுதாக்கினவர்களின் குவியலை, தெரிஞ்சு பழுதாக்கினவர்கள் இன்னும் உயர்த்துகிறீர்கள். பிறகு ஒரு அரசியல்வாதி அந்தக் குவியலைக் காட்டி, "அவையளுக்கு அக்கறை இல்லை" என்று சொன்னால் நான் என்ன பதில் சொல்ல?

"எல்லாரும் கள்ளர், ஆருக்குப் போடுறது?" சரி. அப்ப ஆகப்பெரிய கள்ளனைக் கடைசியில் போடுங்கள். இலக்கமுறை இருப்பதே அதற்குத்தானே. பிடிக்காதவனைக் கடைசிக்குத் தள்ளுகிற உரிமை ஊரில் புள்ளடி போட்டபோது எங்களுக்கு இருந்ததா?

"என்ர ஒரு வாக்கால என்ன?" 2025இல் இதே சிட்னியில் பிராட்ஃபீல்ட் தொகுதி, ஒரு லட்சத்துக்கும் மேலான வாக்குகளில், மறு எண்ணிக்கைக்குப் பிறகு 26 வாக்கால் முடிந்தது. இருபத்தாறு. நீங்கள் போட்ட சிரிப்பு முகம் அதைவிடக் கூட.

"கட்டாயப்படுத்திறதே பிழை." இது நியாயமான கதை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1922இல் அறுபது வீதம்கூட வாக்களிக்காத நாடு இது. 1924இல் சட்டம் வந்து, அடுத்த ஆண்டுத் தேர்தலில் தொண்ணூறைத் தாண்டியது. வேலை, பிள்ளை, வயசு என்று வீட்டில் நின்றுவிடக்கூடியவர்களும் வந்து போட்டார்கள். இந்த மண்ணின் ஆதிக்குடிகள் எல்லாருக்கும் மத்திய தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1962இல்தான். அவர்கள் கேட்டுப் போராடி வாங்கினதில் நீங்கள் கழுதை கீறுகிறீர்கள்.

"வெறும் சீட்டுப் போடுறது என்ர உரிமை" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. போடுங்கள். ஆனால் அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுக் கைதட்டு வாங்காதீர்கள்.

நான் ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்றால், 2005 நவம்பர். இலங்கை ஜனாதிபதித் தேர்தல். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு லட்சம் வாக்காளர், போட்டது நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் கூட. தெரு வெறிச்சோடிக் கிடந்தது. அன்று எங்கள் சித்தப்பா வாக்காளர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னேரம் வரை திண்ணையில் இருந்தார், படலையைத் திறக்கவில்லை. புலிகள் வாக்களிப்பை ஏன் தடுத்தார்கள், சரியா பிழையா என்று இங்கே சண்டை வேண்டாம், அந்தப் பின்னூட்டங்களை அழிப்பேன். நாடு முழுக்க அந்தத் தேர்தல் முடிந்தது ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில். பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். சித்தப்பா அந்த அட்டையைச் சாகும்வரை அலுமாரிக்குள் வைத்திருந்தார்.

அதை எடுத்துக் கையில் பிடித்தவள் நான். எனக்குப் பகிடி வராது, தம்பி. மன்னிக்கவேண்டும்.

இன்னொன்று. அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறா, மறந்துவிட்டீர்கள். ஞாயிறு காலமை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கி வடிவாகப் பார்த்தா. பிறகு என்னிடம் போனை நீட்டி, "பிள்ளை, பாவம், இந்தப் பெடியனுக்குப் புதுச் சீட்டுக் குடுக்கேல்லையோ?" என்று கேட்டா.