ஞாபகம் இல்லாத பிள்ளை வேணுமாம்

ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகள் போன மாதம் கோல் எடுத்தார். கலியாணம் முடித்துப் பதினான்கு வருடம், பிள்ளை இல்லை. "தம்பி, நீ சிறுவர் இல்லத்திலை படிப்பிக்கிறனீதானே, எங்களுக்கு ஒரு பிள்ளை பார்த்துச் சொல்லன்" என்றார். எனக்கும் சந்தோசம்தான். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு வயதுக்குள் இருக்க வேண்டும். நோய் நொடி ஒன்றும் இருக்கக்கூடாது. பிறந்த நேரம் தெரிந்தால் நல்லது, சாதகம் பார்க்கலாம். கடைசியாகக் குரலைத் தணித்து, "எங்கட ஆக்களாப் பார், என்ன."

பிள்ளை பார்க்கச் சொல்கிறாரா, மாப்பிள்ளை பார்க்கச் சொல்கிறாரா என்று எனக்கே குழம்பிவிட்டது.

"ஏன் அக்கா ரெண்டு வயசு?"

"வளர்ந்த பிள்ளையெண்டால் பழசெல்லாம் ஞாபகம் இருக்குமடா. எங்களோடை ஒட்டாது."

லண்டனில் இருந்தும் சூரிச்சில் இருந்தும் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வந்து ஓர் இல்லத்துக்குள் போய் "இந்தப் பிள்ளை" என்று கைகாட்டி எடுக்க முடியாது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் ஊடாகப் போய், நீதிமன்றக் கட்டளை எடுக்க வேண்டும். நாடுவிட்டு நாடு தத்தெடுப்பது பற்றி இலங்கை ஏற்றுக்கொண்ட 1993 ஹேக் உடன்படிக்கையின்படி முதலில் நாட்டுக்குள்ளேயே ஒரு குடும்பம் தேட வேண்டும். சுகமான கைக்குழந்தைக்கு இங்கேயே ஆட்கள் காத்திருக்கிறார்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார். பெற்றோர் சம்மதிக்காமல் அந்தப் பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பது சுலபமில்லை. மிஞ்சுவது யார்? எட்டு, பத்து வயது தாண்டியவர்கள். கால் ஏலாதவர்கள், காது கேளாதவர்கள், பிரிக்கக்கூடாத மூன்று சகோதரங்கள். (தங்கச்சியின் மகனைத் தத்தெடுத்துக் கனடாவுக்குக் கூப்பிடலாமோ என்று உள்பெட்டியில் கேட்பவர்களுக்கு: விசாவுக்காகச் செய்யும் தத்தெடுப்பைக் கனடா ஏற்காது. தயவுசெய்து கேட்காதீர்கள்.)

சரி, ஞாபகத்துக்கு வருவோம்.

1980களில் இந்த நாட்டில் இருந்து ஆயிரக்கணக்கான கைக்குழந்தைகள் நெதர்லாந்து, சுவீடன், சுவிஸ் என்று ஐரோப்பாவுக்குப் போயின. ஞாபகம் இல்லாத பிள்ளைகள்தான். இன்று அவர்களுக்கு நாற்பது வயது. கையில் ஒரு கோப்போடு திரும்பி வந்து ஊர் ஊராகத் தாயைத் தேடுகிறார்கள். சிலரின் கோப்பில் பெயர் பொய், பிறந்த இடம் பொய். நீதிமன்றத்தில் கையெழுத்து வைத்த பெண்ணே தாயாக நடித்தவர். சுவிஸ் அரசு 2020இல் தன் பக்கத் தவறை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. ஞாபகம் இல்லாத பிள்ளை சுலபமாக ஒட்டிவிடும் என்பவர்கள், நாற்பது வயதில் கோப்போடு அலையும் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்.

நான் சனிக்கிழமைகளில் கணக்குப் படிப்பிக்கும் ஒரு பெடியனுக்கு அப்படிப்பட்ட கோப்புத் தேவையில்லை. (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பதினொரு வயது. வளைபாதம், பிறக்கும்போதே பாதம் உள்பக்கமாக வளைந்திருக்கும் குறை. பிறந்த கிழமைகளிலேயே பிளாஸ்ரர் போட்டுத் திருத்தத் தொடங்கியிருக்கலாம், யாரும் செய்யவில்லை. அம்மா செத்துப்போனார், உரிமை கோர வேறு ஒருவரும் இல்லை. ஆனால் அம்மாவின் முழுப்பெயர் தெரியும். வீட்டுக் கிணற்றுக் கட்டில் எந்தப் பக்கம் உடைந்திருந்தது என்று தெரியும். புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியின் ஒரு விளிம்பு கருகியிருந்ததைக்கூடச் சொல்வான். அவனை எந்த நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் அவன் யார் என்று யாரும் அவனுக்குப் பொய் சொல்ல முடியாது. எனக்கு இது பெரிய பலமாகத் தெரிகிறது. அக்காவுக்குப் பயமாக இருக்கிறது.

வெளிநாட்டுக்காரர் வரும் நாட்களில் அவன் தலையை இழுத்துச் சீவி, பவுடர் பூசிக்கொண்டு விறாந்தையில் நிற்பான், சரியான காலை முன்னுக்கு வைத்து. அவர்கள் போனதும் பைப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வருவான். ஒருநாள் கொப்பியைத் திறந்துகொண்டே கேட்டான்: "சேர், அவையள் சின்னப் பிள்ளையளையோ பார்க்க வந்தவை?"

இதை வாசித்துக் கண் கலங்கி யாராவது "நான் எடுக்கிறேன்" என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். வளர்ந்த பிள்ளை உங்கள் வீட்டில் நன்றியோடு உட்கார்ந்திருக்காது. கோபிக்கும். மாதக்கணக்கில் கதைக்காமல் இருக்கும். "என்னைத் திருப்பி அனுப்புங்கோ" என்று கத்தும், அனுப்பிவிடுவீர்களா என்று பார்க்கத்தான். காது கேளாத பிள்ளையென்றால் இங்கே பழகிய சைகைமொழியை வைத்துக்கொண்டு கனடாவில் ஒன்றும் செய்ய முடியாது, அங்கே பெரும்பாலும் அமெரிக்கச் சைகைமொழி. பிள்ளை மட்டுமல்ல, நீங்களும் சேர்ந்து படிக்க வேண்டும். புண்ணியத்துக்கு எடுக்கிறவர்கள் இதில் முதல் மாரிக்கே களைத்துவிடுவார்கள். புண்ணியம் வேண்டுமென்றால் கோயிலில் அன்னதானம் கொடுங்கள்.

தத்தெடுப்பு எங்களுக்குப் புதிதில்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலேயே இருக்கிறது: தத்தெடுப்பவர்கள் உறவினர் முன்னால் மஞ்சள் நீர் குடிப்பார்கள், சம்மதிக்கும் உரித்தாளிகள் அதில் விரல் தோய்ப்பார்கள். முதுசத்தில், அதாவது பரம்பரைச் சொத்தில், பங்குள்ள எல்லோரையும் கேட்டார்கள், பிள்ளையைக் கேட்டதாக இல்லை. 1941ஆம் ஆண்டின் தத்தெடுப்புக் கட்டளைச் சட்டம்தான், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் அதன் சம்மதமும் வேண்டும் என்கிறது. அதாவது அக்காவுக்கு அவனைப் பிடித்தால் மட்டும் போதாது. அவனுக்கும் அக்காவைப் பிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். கனநேரம் சத்தமில்லை. பிறகு, "அவனுக்கு என்ன நட்சத்திரம்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். கொஞ்சம் பொறுத்து, அந்தக் காலுக்கு இப்போது ஒப்பரேசன் செய்யலாமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு கோல் இல்லை. நானும் எடுக்கவில்லை. அவனிடம் மூச்சும் விடவில்லை. இந்தச் சனிக்கிழமை பின்னங்கள் தொடங்கினோம். பகுதி எண்ணையும் தொகுதி எண்ணையும் மாறி மாறி எழுதுகிறான்.