டிஸ்ப்யூட் போட்டால் மட்டும் போதுமா?
நம் கடன் வரலாற்றைத் தொகுக்கும் நிறுவனம் சிபில். அதன் ரிப்போர்ட்டில் தவறு இருந்தால், 'டிஸ்ப்யூட் (ஆட்சேபணை) போட்டால் 30 நாளில் தானாகச் சரியாகிவிடும்' என்று சொல்லப்படுவது பாதிதான் உண்மை. 2005-ம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி, கடன் கொடுத்த வங்கி 'திருத்தம் சரி' என்று உறுதி செய்யாமல் சிபில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. வங்கி பதில் போடாவிட்டால் டிஸ்ப்யூட் அப்படியே கிடக்கும். அதனால் அதே நாளில் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் கடன் கணக்கு எண், ரிப்போர்ட்டில் தவறான வரி, நோ டியூ சான்றிதழ் (கடன் பாக்கி இல்லை என்று வங்கி தருவது) மூன்றையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண்ணை வாங்கிவிட வேண்டும். புகார் கொடுத்து 30 நாள் தாண்டியும் தீராவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வங்கி 21 நாளுக்குள் திருத்தம் அனுப்பவில்லை என்றால் வங்கி தர வேண்டும். வங்கி அனுப்பியும் ரிப்போர்ட்டில் ஏற்றாமல் விட்டால் சிபில் தர வேண்டும். கேட்காமல் யாரும் தருவார்கள் என்று நம்பாதீர்கள், புகாரிலேயே எழுதிக் கேளுங்கள். புகாரை நிராகரித்தால் காரணம் சொல்லியாக வேண்டும். பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) கட்டணமின்றிப் போகலாம். ரிப்போர்ட்டில் கடன் கணக்கு 'செட்டில்டு' என்று வருவதை நீக்க முடியுமா என்றும் கேட்கிறார்கள்: வங்கியோடு பேசிக் குறைந்த தொகைக்குக் கணக்கை முடித்திருந்தால் அது பிழையே அல்ல, டிஸ்ப்யூட்டில் மாறாது. முழுத் தொகையும் கட்டிய பிறகும் அப்படி வந்தால்தான் தவறு. சிபிலோடு நிற்காமல், இதே வேலையைச் செய்யும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ரிப்போர்ட்டுகளையும் பாருங்கள். நான்கிலும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட் இலவசம்.