அம்மாவின் கிளினிக் கொப்பி

போன மாதம் சின்னவனின் கிளினிக் அட்டையைத் தேடி அம்மாவின் பையைத் துழாவியபோது, அம்மாவுடைய கிளினிக் கொப்பிதான் கையில் அகப்பட்டது. பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதம் ஒரு தடவை அவர் அரச ஆஸ்பத்திரிக்குப் போய்க் குளிசை எடுக்க வேண்டும். கொப்பியில் கடைசி இரண்டு திகதிகளுக்கு நேரே ஒன்றும் எழுதப்படவில்லை. பக்கத்தில் பழுப்பு உறையில் குளிசைகள், எல்லாம் பாதிப் பாதி. பிளேட்டால் வெட்டியிருந்தார். ஒரு மாதக் குளிசையை இழுத்து இழுத்துப் போட்டிருக்கிறார்.

ஏன் அம்மா என்று கேட்டேன். "கிளினிக்குக்குப் போனா வர மத்தியானம் ஒரு மணியாகும் பிள்ளை. சின்னவனை ஆர் போய்க் கூட்டிக்கொண்டு வாறது?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, இடியப்பத்துக்கு மா குழைக்கப் போய்விட்டார்.

நான் திருகோணமலை நகரத்தில் ஓர் அரச அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எட்டரைக்கு கையெழுத்துப் போட்டால் நாலேகாலுக்குத்தான் வெளியே வரலாம். பஸ் பிடித்துப் பாலையூற்றுக்கு வந்து சேர ஐந்து மணி. கணவர் தனியார் கம்பனியில், ஆறு மணிக்கு முன் வீடு வந்த நாள் குறைவு. சின்னவனின் முன்பள்ளி பதினொன்றரைக்கு முடிந்துவிடும். மகள் தரம் 3, ஒன்றரைக்கு பாடசாலை விடும். பதினொன்றரைக்கும் ஐந்துக்கும் இடையில் இருக்கிற அந்த ஐந்தரை மணித்தியாலம் எங்கள் வீட்டில் யாருடைய தலையில் இருக்கிறது என்று நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. அம்மா இருக்கிறார், அவ்வளவுதான்.

அம்மா எங்களோடு வசிக்கவில்லை. சாம்பல்தீவிலிருந்து விடிய ஆறு மணி பஸ் எடுத்து, டவுனில் இறங்கி, மாறி ஏறி வருகிறார். இது தொடங்கியது 2022 இல். அந்தச் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதமளவுக்குப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். பால்மா, காஸ், பெற்றோல் எல்லாவற்றுக்கும் வரிசை. கணவர் இரவிரவாகப் பெற்றோல் செட்டில் நின்றார், நான் காப்பைக் கொண்டுபோய் அடகு வைத்தேன். அப்போது பிள்ளைகளைப் பார்க்க ஓர் அக்கா வந்துகொண்டிருந்தார். அவருக்குக் கொடுத்த காசை முதலில் நிறுத்தினோம். "கொஞ்ச நாளைக்கு நான் வாறன்" என்று அம்மா சொன்னார். நெருக்கடி தணிந்தது, காப்பையும் மீட்டாயிற்று. அம்மாவின் அந்தக் கொஞ்ச நாள் மட்டும் முடியவே இல்லை.

எங்களிடம் ஒரு கணக்குக் கொப்பி இருக்கிறது. வீட்டு லோன், வான் காசு, மின்சாரம், டியூசன், சீட்டு, மீன்காரருக்கு வைத்த கடன் வரைக்கும் எல்லாம் அதில் உண்டு. கிளினிக் கொப்பியைக் கண்ட அன்று இரவு அதை எடுத்து மூன்று வருடப் பக்கங்களைப் புரட்டினேன். அம்மாவின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. அவருடைய பஸ் காசுகூட அவர் கையிலிருந்துதான் போயிருக்கிறது.

மறுநாள் ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் விசாரித்தேன். இரண்டு பிள்ளைகளுக்கும் மாதம் 24,000 ரூபா, மத்தியானச் சாப்பாடு நாங்களே கட்டிக் கொடுத்துவிட வேண்டும். நாட்டில் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. அந்தச் சம்பளத்துக்கு ஒரு புடவைக் கடையில் நாள் முழுக்க நிற்கிற தாய், 24,000 கொடுத்துவிட்டு என்ன செய்வாள்? ஒன்றில் அவளுக்கு ஓர் அம்மா வேண்டும், இல்லாவிட்டால் அவள் வேலையை விட வேண்டும். வேலைக்குப் போகிற பெண்களைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். அவர்களுக்குப் பின்னால் சம்பளமில்லாமல் வேலைக்குப் போகிற இன்னொரு பெண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. அவளுக்கு அறுபது தாண்டியிருக்கும், முழங்கால் வலிக்கும். யாராவது கேட்டால் "அவ வீட்டில சும்மாதானே இருக்கிறா" என்று சொல்லிவிடுவோம். நானும் சொல்லியிருக்கிறேன். அது பிழை.

கணவரின் சம்பளத்தில் 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது, கம்பனி 12 வீதம் போடுகிறது, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 வீதம். எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது. 1990 இல் எங்களைத் தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்து ஓடி, திரும்பி வந்து, கருவாடு காயப்போட்டு விற்று எங்களைப் படிப்பித்தவருக்கு, இப்போது எங்கள் பிள்ளைகளையும் வளர்த்துத் தருகிறவருக்கு, எந்த நிதியும் இல்லை. பாசத்துக்குக் காசு கொடுப்பதா என்று உறவுக்காரர் ஒருவர் என்னிடம் கோபப்பட்டார். பாசத்துக்கு இல்லை, வேலைக்கு. கச்சான் காற்று அனலாக வீசுகிற நாளில் மத்தியானம் குடையோடு பாடசாலை வாசலில் நிற்பது வேலை. ஒருநாள் அம்மாவின் பஸ் இடையில் பழுதாகி நின்றுவிட்டது. மகள் இரண்டரை மணி வரை அந்த வாசலில் நின்றாள். "வீதியோரம் நின்ற மான்களை எண்ணிக்கொண்டிருந்தேன், பதினாலு" என்று பிறகு என்னிடம் சொன்னாள். அந்த ஒரு மணித்தியாலம் நான் அலுவலகத்தில் ஒன்றும் தெரியாமல் இருந்தேன். அம்மா தினமும் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

சரி, என்ன செய்தோம்? அம்மாவின் பெயரில் ஒரு சேமிப்புப் புத்தகம் திறந்து மாதம் 8,000 ரூபா போடுகிறோம், பஸ் காசு வேறாக. சீட்டை ஒன்றாகக் குறைத்துத்தான் அதைக் கண்டுபிடித்தோம். "எனக்கேன் காசு" என்று அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். கிளினிக் நாளில் நானும் கணவரும் மாறி மாறி அரைநாள் லீவு எடுக்கிறோம். அவருக்கு அது லேசில்லை, கம்பனியில் "பிள்ளையைக் கூட்டவா லீவு?" என்று ஆண்களைக் கேட்கிறார்கள். ஆனாலும் இந்த மாதம் எடுத்தார். கொப்பியில் இந்த மாதத் திகதிக்கு நேரே எழுத்து விழுந்திருக்கிறது, உறையில் முழுக் குளிசைகள்.

ஆனால் அம்மாவுக்கு இயலாமல் போகும் நாளைக்கு இது பதில் இல்லை. அம்மா இல்லாத தாய்மாருக்கும் இது பதில் இல்லை. எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபம் ஞாயிறு அறநெறி வகுப்பையும் கல்யாண வீடுகளையும் தவிர்த்தால் பூட்டித்தான் கிடக்கிறது. மின்விசிறி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சுற்றுமதில் இருக்கிறது. பாடசாலை விட்ட பிறகு பிள்ளைகளை அங்கே வைத்துப் பார்க்கலாம். பன்னிரண்டு குடும்பங்கள் மாதம் 6,000 போட்டால் 72,000. முன்பள்ளிப் பயிற்சி பெற்ற இரண்டு பேருக்கு ஆளுக்கு 30,000 கொடுத்தாலும் பிள்ளைகளின் தேத்தண்ணிக்கும் கரண்ட் பில்லுக்கும் 12,000 மிஞ்சும். காசு கட்ட இயலாத ஓரிரு வீட்டுப் பிள்ளைகளையும் சேர்க்கலாம்.

மண்டபத்தைக் கேட்டுக் கோயில் பரிபாலன சபைக்குக் கடிதம் எழுதியாயிற்று. இதுவரை ஏழு தாய்மாரும் இரண்டு தகப்பன்மாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பாலையூற்று, அன்புவழிபுரம் பக்கம் இருக்கிறவர்கள், ஒன்றரைக்குப் பிறகு பிள்ளையை எங்கே விடுவது என்று யோசிக்கிறவர்கள், இன்பொக்ஸில் எழுதுங்கள். வருகிற பௌர்ணமி லீவு நாளில் பின்னேரம் நான்கு மணிக்கு மண்டபத்து முற்றத்தில் கூடுகிறோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.