42 என்று எப்படிச் சொன்னீர்கள்?

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கிடைத்த எலும்புக்கூட்டுக்கு வயது 42 என்று அடித்துச் சொல்கிறது செய்தி. எலும்பில் அவ்வளவு துல்லியம் கிடைக்காது. குழந்தை என்றால் பல் முளைப்பை வைத்து நெருங்கிச் சொல்லலாம். வாலிபத்தில் எலும்பு முனைகள் தண்டோடு ஒட்டுவதை வைத்துக் கணிக்கலாம்; கழுத்துக்குக் கீழே தோள் வரை ஓடும் காறை எலும்பின் மார்புப் பக்க முனை முப்பது வயதை ஒட்டித்தான் முழுதாகச் சேரும். அதன் பிறகு தேய்மானம்தான் கணக்கு. இடுப்பின் முன்புறம் இரு எலும்புகள் சந்திக்கும் முகப்பு இளமையில் வரப்பும் வாய்க்காலுமாக இருக்கும். வயது ஏற ஏறச் சமமாகி, விளிம்பு கட்டி, கடைசியில் அரித்துப்போகும். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். ஆயுள் முழுக்கக் கொழுந்து மூட்டை சுமந்து மேடேறியவருக்கு முதுகெலும்பு முந்திக்கொண்டு தேய்ந்திருக்கும் (எங்கள் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை). '35 முதல் 50 வரை' என்று போட்டிருக்கலாமே! 42 என்று படித்தால், காணாமல்போன 49 வயதுக்காரரின் குடும்பம் காவல் நிலையத்துக்கு விசாரிக்கவே வராது.