பூனைக்குட்டி தானே வழி கண்டு திரும்பிவிடுமா?

“வீட்டுக்குள் வளரும் பூனைக்குட்டியை மூன்றாம் மாதமே வெளியே விட்டுவிடுங்கள், தானே வழி கண்டு திரும்பிவிடும்” என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல் தவறானது.

பூனைக்குத் தன் இடத்தை அறியும் திறன் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த இடத்தின் வாசனையும் ஓசையும் முதலில் பழக வேண்டும், புதிதாக வந்த குட்டிக்கு அதற்கே மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். அதைவிட முக்கியமானது தடுப்பூசி. பான்லுகோபீனியா என்னும் கொடிய தொற்றின் வைரஸ் வெளிப்புறத்தில் ஓராண்டு வரைகூட அழியாமல் இருக்கக்கூடும் என்பதால், அதற்கான ஊசித்தொடர் 16 வார வயதைக் கடந்து நிறைவடையும் வரையிலும், வெறிநோய்த் தடுப்பூசி போடப்படும் வரையிலும் குட்டியை வெளியே விடக் கூடாது. பெண் குட்டி 4 மாதத்திலேயே சினைப்படக்கூடும் என்பதால் கருத்தடை அறுவைச் சிகிச்சையையும் தள்ளிப்போடாதீர்கள்.

அதன்பின், சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன், பசியோடு இருக்கும்போது, மார்புப்பட்டை மாட்டிப் பத்து நிமிடம் வாசலில் விடலாம். தெருநாய்களும் வண்டிகளும் நிறைந்த தெருவென்றால் வலையடித்த பால்கனியே போதும் என்பது என் உறுதியான கருத்து. வயிற்றைத் தரையோடு ஒட்டிக் காதுகளை மடக்கிக்கொண்டால் அது அஞ்சுகிறது. பட்டையைப் பிடித்து இழுக்காமல், திறந்த கதவு வழியே அது தானாக உள்ளே ஓட விடுங்கள்.