கண் மூடாதது துடித்ததற்கு அடையாளமல்ல

நாய்க்குக் கருணைக்கொலை செய்வது சட்டப்படி குற்றம் என்றும், ஊசி போட்டபின் அது கண்ணைத் திறந்தபடியே மூச்சுத் திணறித் துடித்துச் சாகிறது என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார், இரண்டுமே சரியல்ல. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தண்டிப்பது, இதயத்தில் ஸ்ட்ரிக்னைன் என்னும் நஞ்சு ஊசியைச் செலுத்துவது போன்ற கொடிய முறைகளையே தவிர, தீராத நோயில் தவிக்கும் நாயைக் கால்நடை மருத்துவர் வலியின்றி விடுவிப்பதை அல்ல.

வழக்கமாக முதலில் மயக்கமடையச் செய்துவிட்டு, பிறகு முன்னங்கால் ரத்தக்குழாயில் பென்டோபார்பிட்டல் போன்ற மயக்க மருந்தை மிகுந்த அளவில் செலுத்துவார்கள். நினைவு முதலில் அடங்க, அதன்பிறகே மூச்சும் இதயமும் நிற்கின்றன.

திருமங்கலத்தில் எங்கள் 14 வயது ராஜபாளையம் நாய், சிறுநீரகம் செயலிழந்து, ஆசையாக உண்ணும் தயிர்ச்சோற்றையே முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட நிலையில், அதை வேப்பமரத்தடியில் கோரைப்பாயில் கிடத்தி விடைகொடுத்தோம். இதயம் நின்றதை மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்து உறுதிசெய்த பின்னும் ஒருமுறை விலா ஏறித் தாழ்ந்தது. "உசுரு இருக்குடா" என்று அம்மா பதறினார். அது வலியல்ல, உணர்விழந்த உடலின் அனிச்சைச் செயல். இமை மூடாமலிருப்பதும் இயல்பே. (இதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்பது என் குறை.) உண்மையில் துன்பச் சாவாக முடியக்கூடியது, செலவுக்கு அஞ்சித் தூக்க மாத்திரையை நாமே நுணுக்கிக் கொடுப்பதுதான்.