பாஸ் பிளாக்கர் மாட்டினால் ஸ்பீக்கர் எரியாதா?

"கார் ஸ்பீக்கர் வயரில் ஒரு பாஸ் பிளாக்கரை மாட்டிவிட்டால் போதும், ஒலியை எவ்வளவு கூட்டினாலும் ஸ்பீக்கர் கெடாது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

பாஸ் பிளாக்கர் என்பது வயரில் தொடராக இணைக்கும் ஒரு கெப்பாசிட்டர்தான். தாழ்ந்த அதிர்வெண்களை மட்டுமே அது தணிக்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 100 மைக்ரோஃபாரட் மாட்டினால், சுமார் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆக்டேவுக்கு (அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 6 டெசிபெல் வீதம் ஒலி குறைந்துகொண்டே போகும். 200 ஹெர்ட்ஸ் ஒலி அடியோடு நின்றுவிடாது, அடங்கிக் கேட்கும். கதவிலுள்ள சிறிய ஸ்பீக்கரின் கூம்பு அளவுமீறி உதறுவதை இது தடுக்கிறது. அந்தப் பயன் உண்மை. அதற்காக நானும் மாட்டச் சொல்வேன்.

ஆனால் எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. ஆம்பிளிஃபயரை அதன் திறனுக்கு மேல் விரட்டும்போது அலையின் உச்சி வெட்டுப்பட்டு, உயர் அதிர்வெண்கள் பெருகுகின்றன. அவை கெப்பாசிட்டரைத் தடையின்றிக் கடந்து வாய்ஸ் காயிலை, அதாவது கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளை, சூடாக்கும். அப்படிப் போன ஸ்பீக்கரைப் பிரித்தால் காயில் கறுத்திருக்கும், வார்னிஷ் கருகிய வாடை மூக்கில் ஏறும். ஒலி கரகரத்தவுடன் ஆம்பிளிஃபயரின் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) குறையுங்கள்.

இன்னொன்று: பிளஸ், மைனஸ் குறித்த சாதாரண எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் இதற்கு ஆகாது. முனையற்றதைக் கேட்டு வாங்குங்கள்.